பக்கத்து சீட்டில் யார்?

ஜீவிதா அந்தக் கவுனை மேஜை மேல் வைத்ததும் மனிஷாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் மேஜை மேல் வைக்கும் பொருளுக்கென்று ஒரு தகுதி உண்டு. கணவனின் இரண்டாவது செல்போன், போலிப் பத்திரத்தின் நகல், குறைந்தபட்சம் பக்கத்து வீட்டு நாயின் புகைப்படம். சின்னப் பெண் குழந்தை போடும் சிவப்புக் கவுனை இதுவரை யாரும் கொண்டுவந்ததில்லை.

'ரெடிமேட் கடை கீழே இருக்கு மேடம்' என்று சொல்ல வாயைத் திறந்தவள், வந்தவளின் விரல்களைப் பார்த்து மூடிக்கொண்டாள். ஜீவிதா ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, கல்லூரி நூலகர். உரக்கப் பேசினால் புத்தகங்கள் விழித்துக்கொள்ளும் என்பது போலப் பேசுகிறவள். அவள் விரல்கள் கவுனைத் தொடப் பயந்து மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன.

தேவராஜ மார்க்கெட்டுக்கு எதிரே, ஊதுபத்திக் கடையின் மாடியில் இருந்தது செல்லக்கண்ணுவின் அலுவலகம். பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் விபத்துகளைத் துருவித் துருவிப் பழகியவர். ஒரு கேஸ் சூடு பிடித்தால் அவருக்குப் பேச்சு குறைந்துவிடும். அந்தக் குறையை உதவியாளர் மனிஷா தீர்த்து வைப்பாள். அவள் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், சண்டை வந்தால் இரண்டும்.

"எங்க கிடைச்சது இது?" என்றார் செல்லக்கண்ணு.

"எங்க வீட்டுக்குக் கொஞ்ச தூரத்துல, மேட்டகள்ளி ரோட்டுல ஒரு டெய்லர் கடை. வாசல்ல தொங்கிட்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்டதைக் கொடுத்து வாங்கிட்டு வந்தேன்."

"இதுல என்ன பிரச்சினை?"

"இந்தக் கவுன் இருக்கவே கூடாது சார். இது எங்கம்மாவோட காணாமப் போன கவுன்."

ஜன்னலுக்கு வெளியே ஆடி மாதத்து மேகம் மார்க்கெட் மணிக்கூண்டு மேல் இறங்கி நின்றது. ஜீவிதா மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

அம்மா பெயர் ஜோதிமணி. கொள்ளேகால் பக்கத்துப் பெண். ஒரு பெண் சைக்கிளில் போனாலே தெரு நின்று வேடிக்கை பார்த்த காலத்தில், மைசூர் விமானப் பயிற்சி மன்றத்தில் சேர்ந்து தனியாக விமானம் ஓட்டியவள். அந்த மன்றத்தின் முதல் பெண் பைலட். மண்டியா கரும்புக் காட்டுக்கு மேலே தாழப் பறந்து மருந்து தெளித்தாள். பிறகு அதே மன்றத்தில் ஆசிரியை ஆனாள். பெண் ஆசிரியரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் பையன்கள் அவளை 'சார்' என்றார்கள்.

"ரொம்பக் கண்டிப்பா?" என்று கேட்டாள் மனிஷா.

ஜீவிதா முதல் தடவையாகச் சிரித்தாள். "பிளேன்ல கட்டாத சாமான் ஒண்ணுகூட இருக்கக் கூடாதும்பாங்களாம். பசங்க கொண்டு வர்ற டிபன் பாக்ஸைக்கூடக் கயிறு போட்டுக் கட்டச் சொல்லுவாங்களாம். அது வீட்டுக்கும் வந்துடுச்சு. அப்பா ஸ்கூட்டர்ல தேங்காய் வாங்கிட்டு வந்தாக்கூட, 'கட்டினீங்களா?'ன்னுதான் முதல்ல கேப்பாங்க."

சிரிப்பு அப்படியே அடங்கியது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதம். மதராசிலிருந்து ஒரு சின்ன விமானத்தை மைசூருக்குக் கொண்டுவர வேண்டும். மறுநாள் மகளுக்குப் பிறந்த நாள். கிளம்புவதற்கு முன்னால் ஜோதிமணி டிரங்க் கால் போட்டுப் பேசினாள்.

"'பாப்பா, உனக்குச் சிவப்புக் கவுன் வாங்கியிருக்கேன். பாக்கெட்டுல ஒரு முயல் இருக்கு. ஒரு காது நிமிர்ந்து நிக்குது, இன்னொரு காது மடங்கியிருக்கு. நாளைக்குப் போட்டுக்கலாம்'னாங்க. அதுதான் கடைசி."

மனிஷா கவுனைப் பார்த்தாள். பாக்கெட்டில் வெள்ளைத் துணியில் தைத்த முயல். ஒரு காது நிமிர்ந்திருந்தது. இன்னொன்று மடங்கியிருந்தது. 

"இது வேற யாருக்குத் தெரியும்?" என்றார் செல்லக்கண்ணு.

"அப்பாவுக்குத் தெரியும். அவர் போய்ச் சேர்ந்தாச்சு. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. வராத கவுனைப் பத்திச் சொல்றதுக்கு வெக்கமா இருந்தது."

கிளம்பிய விமானம் தெற்கே திரும்பியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதோடு சரி, மைசூருக்கு அது வரவே இல்லை. கடலில் தேடினார்கள். ஒரு தகரத்துண்டுகூட அகப்படவில்லை. அதுவரை ஜோதிமணி வீட்டுக்கு வந்தவர்கள் துக்கம் விசாரித்தார்கள். பிறகு, மதராசில் அந்த விமானத்துக்கு எண்ணெய் போட்டவன் ஒரு வார்த்தை சொன்னான். 'அந்தம்மா குனிஞ்சு பக்கத்து சீட்டுக்கு பெல்ட் மாட்டினதை நான் என் கண்ணால பார்த்தேன்.'

ஆளில்லாத சீட்டுக்கு யார் பெல்ட் மாட்டுவார்கள்? பத்திரிகைகள் ஒரு கேள்விக்குறி போட்டன. ஊர் அந்தக் கேள்விக்குறியையும் எடுத்துவிட்டது. எவனையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சிலோனுக்குப் பறந்துவிட்டாள் என்று முடிவு கட்டியது. ஊருக்கென்ன, வாடகையில்லாத வாய். ஜோதிமணியின் கணவர் சேகரன் அவள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, பழைய வேட்டியில் சுற்றி, பீரோ மேல் போட்டார். சாகும்வரை இறக்கவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றாள் ஜீவிதா. "சொன்னா பைத்தியம்னு நெனப்பீங்க. இந்த வீட்டுக்குக் குடி வந்ததுல இருந்து, ஒவ்வொரு ஆடியிலயும், ஒரு நாள் சாயங்காலம் பிளேன் சத்தம் கேக்குது. கொஞ்ச நேரம் ஓடும். இருமும். நின்னுபோயிடும். அப்புறம் எந்தச் சத்தமும் இருக்காது. வானத்தைப் பார்ப்பேன், ஒண்ணும் இருக்காது. டாக்டர்கிட்டப் போனேன், மாத்திரை கொடுத்தார்."

"மாத்திரை போட்டதும் சத்தம் நின்னுதா?" என்றாள் மனிஷா.

"எனக்குத் தூக்கம் வந்தது. சத்தம் அப்படியேதான் இருக்கு."

செல்லக்கண்ணு கவுனைத் திருப்பி உள்தையலைப் பார்த்தார். "நாங்க என்ன கண்டுபிடிக்கணும்னு எதிர்பார்க்கறீங்க?"

"அந்தப் படத்தை இறக்கி மாலை போடறதா, கிழிச்சுப் போடறதா, அது தெரியணும் சார். அவ்வளவுதான். என்னை விட்டுட்டுப் போனாங்களா, என்கிட்ட வந்துட்டிருந்தாங்களா?"

மனிஷா தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள். அவள் வாய்க்கு அப்படி ஓய்வு கிடைப்பது அபூர்வம்.

டெய்லர் பசவராஜ் கடையில் தையல் மெஷின் நிற்கவே இல்லை. அது நிற்காமலே அவர் பேசினார்.

"ஹேளி, சொல்லுங்க சார், பேண்டா, ஷர்ட்டா?"

"முயல்" என்றார் செல்லக்கண்ணு, கவுனை எடுத்துப் போட்டு.

மெஷின் நின்றது. "ஐயோ, அந்த மேடம் பிடிவாதம் பண்ணி வாங்கிட்டுப் போனாங்க. அது ஆர்டர் துணி. இன்னிக்கு சாயங்காலம் டெலிவரி. நான் அதுக்கு பதிலா இன்னொண்ணு தெச்சுட்டிருக்கேன், நோடி, பாருங்க." மெஷினில் சிவப்புத் துணி கிடந்தது.

"சார், குற்றவாளி கையும் தையலுமா மாட்டிக்கிட்டார்" என்றாள் மனிஷா.

செல்லக்கண்ணு அவளைக் கண்டுகொள்ளவில்லை. "முயலோட காது ஏன் இப்படி?"

"அதைக் கேக்காதீங்க சார்" என்று பசவராஜ் நொந்துகொண்டார். "நானும் தொழில் தெரிஞ்சவன். முதல் வருஷம், பாவம் முயல்னு ரெண்டு காதையும் நேரா தெச்சுட்டேன். மொத்த ஆர்டரும் திரும்பி வந்துடுச்சு. மடங்கின காது மடங்கித்தான் இருக்கணும், ஒரு நூல் மாறக் கூடாதுன்னாங்க. மாடலுக்கு ஒரு பழைய கவுன் கொண்டு வருவாங்க. அதுவும் போன வருஷம் நான் தெச்சதுதான்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி வேற யாராவது தெச்சிருப்பான். கொத்தில்ல சார்." தெரியாது என்று கையை விரித்தார்.

"குழந்தைகளைக் கூட்டிட்டு வந்து அளவு கொடுப்பாங்களா?"

"அங்கதான் தமாஷ். எந்தக் குழந்தைக்கும் அளவு எடுக்கறதில்ல. குண்டோ ஒல்லியோ, எல்லாம் ஒரே அளவு. அஞ்சு வயசு. போட முடியலன்னா தோள்ல போத்திட்டுப் போவாங்க."

செல்லக்கண்ணு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனிஷாவுக்கு அந்தச் சைகை தெரியும். எங்கேயோ விளக்கு எரிந்துவிட்டது.

"அப்ப இது குழந்தைக்குத் தைக்கற துணி இல்ல" என்றார். "சாமிக்குத் தைக்கறது. சாமிக்குத்தான் அளவு மாறாது. யாரு ஆர்டர் கொடுக்கறது?"

"பின்னாடி தமிழ்க் காலனி சார். ஃபேக்டரி ஆளுங்க, கட்டட வேலைக்காரங்க. எல்லாம் கௌதள்ளிப் பக்கம். ராமக்காள்னு ஒரு அம்மா, அவங்கதான் பூசாரி."

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது மனிஷா தன் கணக்கைச் சொல்லிவிட்டாள். "சார், எனக்கு இது பிடிக்கலை. ஒரிஜினல் கவுன் அந்த ஜனங்க கையில கிடைச்சிருக்கு. எப்படிக் கிடைக்கும்? விமானம் எங்கயோ விழுந்திருக்கு, இருந்ததை எடுத்துக்கிட்டாங்க. ஆளையும் ஏதாவது பண்ணியிருப்பாங்க. பாவத்துக்குப் பயந்து சாமி கும்பிடறாங்க, இல்லையா?"

"திருடினவன் திருடின பொருளை வருஷா வருஷம் புதுசாத் தெச்சுக் கடை வாசல்ல மாட்டுவானா?"

"அதான் எனக்கும் இடிக்குது" என்று ஒப்புக்கொண்டாள்.

காலனியின் கடைசியில், தொழிற்சாலைச் சுவரை ஒட்டி இருந்தது கோவில். கோவில் என்று சொல்லலாமா என்பதே மனிஷாவுக்குச் சந்தேகம். இடுப்பளவு சுவர், ஒரு மேடை, மேடை மேல் மஞ்சள் பூசிய ஒரு சிமெண்டு அம்மன். கூரை இல்லை. தூறல் அம்மன் தலைமேலேயே விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி தோளிலும் ஒரு சிவப்புக் கவுன்.

வேலிப் பக்கம் இருந்த பலகையில் 'வந்திறங்கி அம்மன்' என்று எழுதியிருந்தது.

ராமக்காள் இவர்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அறுபதை ஒட்டிய வயது, இடுப்பில் செருகிய மஞ்சள் சேலை, கறாரான கண்.

"சத்தம் வைக்கறமுன்னு வந்திருந்தீங்கன்னா, போலீசுக்கு போன வருசமே பதில் சொல்லியாச்சுங்க" என்றாள். "அந்த வெள்ளைக் கேட்டு வீட்டம்மா எழுதிக் கொடுத்துட்டு நிம்மதியா இருக்கறாங்க. வருசத்துல ஒரு நாள் எங்காத்தாளுக்குச் சத்தம் வெக்கப்படாதுங்களா?"

"என்ன சத்தம்?" என்று கேட்டார் செல்லக்கண்ணு.

ராமக்காள் மோவாயால் காட்டினாள். சுவர் ஓரமாக ஒரு பழைய ஆயில் இஞ்சின் கிடந்தது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் சாதாரண டீசல் இஞ்சின். கிணறு இல்லை. மோட்டார் குழாய் இல்லை. ஒரு பல்பு கூட அதோடு சேர்த்திருக்கவில்லை. ஆனால் இஞ்சினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

ஜீவிதா சொன்னது மனிஷாவுக்கு நினைவு வந்தது. ஓடும், இருமும், நின்றுபோகும். ஜீவிதா ஜன்னலுக்கு வெளியே வானத்தைத்தான் பார்த்திருக்கிறாள். தரையைப் பார்க்க அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

செல்லக்கண்ணு செருப்பைக் கழற்றிவிட்டு மேடை அருகே போனார். வழக்கமாகச் சாமி கிழக்கே பார்க்கும், இல்லாவிட்டால் வடக்கே பார்க்கும். இந்த அம்மன் மேற்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், இன்னொரு சின்ன இருக்கை. அதில் சிலை இல்லை. மடித்து வைத்த ஒரு சிவப்புக் கவுன் இருந்தது. அதற்குக் குறுக்கே, நைந்துபோன ஒரு கான்வாஸ் வாரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். வாரின் நுனியில் தேய்ந்த உலோகக் கொக்கி.

அவர் குனிந்து அந்தக் கொக்கியைப் பார்த்தார்.

"மனிஷா, பிளேன்ல கட்டாத சாமான் இருக்கலாமா?"

"கூடாது. டிபன் பாக்ஸைக்கூடக் கட்ட..." எண்ணெய் போட்டவன் சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது. பக்கத்து சீட்டுக்கு பெல்ட் மாட்டினார்கள். என் கண்ணால் பார்த்தேன். கண்ணால் பார்த்தது உண்மைதான். பார்த்தவனும் பொய் சொல்லவில்லை. ஆனால் பெல்ட்டுக்குள் இருந்தது ஆள் என்று யார் சொன்னது?

"ஜீவிதாவுக்கு போன் போடு" என்றார் செல்லக்கண்ணு. "ஆட்டோ வேண்டாம், நடந்தே வரலாம்னு சொல்லு. அவங்க வீட்டு மாடியிலிருந்து பார்த்தாலே இந்த இடம் தெரியணும்."

ஜீவிதா குடையைக்கூட விரிக்காமல் வந்து சேர்ந்தாள். ராமக்காளின் முகம் இறுகியது. "இதா, வெள்ளைக் கேட்டு வீட்டம்மாளே வந்துட்டாங்க."

"புகார் எழுதிக் கொடுத்தது நான்தான்" என்றாள் ஜீவிதா. அவள் கண் இருக்கையை விட்டு நகரவில்லை. "மைக் சத்தத்துக்குன்னு எழுதினேன். உண்மையில அன்னிக்குக் கேட்ட பிளேன் சத்தத்துக்குத்தான் பயந்தேன், அது இங்கேருந்து வருதுன்னு தெரியாது."

செல்லக்கண்ணு பூசாரியிடம் தணிவாகக் கேட்டார். "ராமக்கா, யாரையும் கேஸ்ல மாட்ட வரல. ஆத்தா எப்படி வந்தாங்கன்னு மட்டும் இவங்களுக்குச் சொல்லுங்க."

ராமக்காள் ஜீவிதாவை ஏற இறங்கப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான் அப்ப எருமை மேய்க்கற புள்ளைங்க. கௌதள்ளிக்கு மேலாப்ல காடு. எங்கய்யன் சித்தையனும் நானும் எருமையை ஓட்டிட்டு வந்துட்டிருந்தம். மழை இருட்டு. மேகத்துக்குள்ள ஆயில் இஞ்சின் ஓடறாப்ல ஒரு சத்தம். எங்களுக்குத் தெரிஞ்சது கெணத்து இஞ்சின் ஒண்ணுதானுங்களே. வானத்துல எவன்டா இஞ்சின் வெச்சதுன்னு அண்ணாந்து பார்த்தம். ரெண்டு மூணு வாட்டி இருமுச்சு. நின்னுபோச்சு. அப்புறம் காத்து மட்டுந்தான்."

கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்களும் நிமிர்ந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் கேட்ட கதைதான். ஆனாலும் கேட்டார்கள்.

"போய்ப் பார்த்தா, மரத்துமேல சாஞ்சு எறங்கியிருக்குது. நெருப்பு கிருப்பு ஒண்ணுமில்லீங்க. ஆத்தா ஒக்காந்தாப்லயே இருந்தா, தூங்கறவ மாதிரி. உசுரில்லை. எங்கய்யன் தொட்டுப் பார்த்துட்டு அழுதுட்டாரு. அவர் அழுது நான் அன்னிக்குத்தான் பார்த்தேன்."

"பக்கத்து சீட்டுல..." என்று ஆரம்பித்த ஜீவிதா ராமக்காளின் அருகே போய் நின்றாள். "பக்கத்து சீட்டுல யார் இருந்தாங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஆருமில்லீங்க. ஒரு பொட்டணம் இருந்துச்சு. அதுக்கு இந்த வாரைப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்துச்சு. நாந்தான அவுத்தேன், ஆளிருந்தா எனக்குத் தெரியாதுங்களா? பிரிச்சுப் பார்த்தா சின்னக் கவுனு. ஆத்தா உசுரே போயிருச்சு, அந்தப் பொட்டணம் கசங்கக்கூட இல்லீங்க அம்மணி."

ஜீவிதா வாயைப் பொத்திக்கொண்டாள். மனிஷா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். யார் யாரைத் தாங்கினார்கள் என்று சொல்ல முடியாது.

"போலீசுக்கு ஏன் சொல்லலை?" என்றார் செல்லக்கண்ணு.

"சாமின்னு நெனச்சமுங்க. வானத்துல இருந்து எறங்கி வந்தா வேற என்னன்னு நெனக்கறது? அங்கயே பொதச்சு, கல்லு நட்டு, வெளக்கு வெச்சம். பெரியவளாகி டவுனுக்கு வந்த பொறகுதான் அது ஏரோப்ளேன்னு எனக்குத் தெரியும். அதுக்குள்ள எத்தனையோ பேருக்கு அவ ஆத்தாளா ஆயிட்டா. புள்ளையில்லாதவங்களுக்குப் புள்ளை கொடுத்துட்டா. இப்பப் போயி சொன்னா தோண்டி எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு பயம். அவ கொண்டாந்த கவுனு மக்கிப்போயிரும்னு, வருசா வருசம் அதே மாதிரி தெச்சு வெக்கறம். கூரை போட்டா அவளுக்கு ஆகாதுன்னு போடறதில்லை."

"ஏன் மேற்கே பார்த்து வெச்சீங்க?"

"அவ வண்டி மூஞ்சி மேக்க பார்த்துத்தான் நின்னுச்சு. எங்கயோ போக வேண்டியவ, போற தெசையிலயே இருக்கட்டும்னு எங்கய்யன் சொன்னாருங்க."

செல்லக்கண்ணு திரும்பினார். "மனிஷா, கௌதள்ளிக்கு மேற்கே என்ன ஊர்?"

"கொள்ளேகால் சார். அதுக்கப்புறம்..." மனிஷா இருக்கையில் இருந்த கவுனைப் பார்த்தாள். "அதுக்கப்புறம் மைசூர்."

"தெற்கே திரும்பினது மேகத்தைச் சுத்திப் போறதுக்கு. சிலோனுக்குப் போறவங்க கொள்ளேகால் காட்டுல மேற்கே பார்த்து எறங்க மாட்டாங்க" என்றார் அவர். "ஜீவிதாம்மா, உங்க அம்மா வந்துட்டிருந்தாங்க. மழையில வழி மாறி, இஞ்சின் நின்ன பிறகும், மூக்கு வீட்டுப் பக்கமாத்தான் இருந்திருக்கு."

ஐம்பது வருஷமாக ஒரு பெண்ணின் நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்தது அந்த இடத்தில் உடைந்தது. ஜீவிதா மேடைப் படியில் உட்கார்ந்து, அக்கம் பக்கம் பார்க்காமல், சின்னப் பிள்ளை போல வாய்விட்டு அழுதாள். அப்பா இதைக் கேட்காமல் போய்விட்டாரே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கோவில் பெண்கள் ஓடி வரவில்லை. அங்கே வந்து அழுகிறவர்களை அழவிட்டுப் பழகியவர்கள் அவர்கள்.

ராமக்காளுக்கு விஷயம் மெதுவாகத்தான் உறைத்தது. எழுந்து நின்றவளின் முகம் வெளிறிப்போயிருந்தது. "அம்மணி, அந்தக் கவுனுக்குச் சொந்தக்காரப் பாப்பா... நீங்களா?"

ஜீவிதா தலையாட்டினாள்.

"ஆத்தாளைத் தோண்டிட்டுப் போயிருவீங்களா?"

கேள்வியில் இருந்த பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. சட்டப்படி பார்த்தால் இந்த நூலகர் ஒரு மனு எழுதினால் போதும். அவள் மனு எழுதுவாள் என்பதும் நிரூபணமான விஷயம்.

"தோண்டறதா? இங்கயா?" என்று ஜீவிதா குழம்பினாள். "அம்மா கௌதள்ளியிலதானே இருக்காங்க?"

"அங்கயும் இருக்கறா, இங்கயும் இருக்கறா" என்றாள் ராமக்காள். "இந்தப் பக்கம் பொழைக்க வந்தப்ப அவளை உட்டுட்டு வர மனசு கேக்கலீங்க. அவளைப் பொதச்ச எடத்துல பிடிமண் எடுத்தேன். இந்த வாரையும் எடுத்துக்கிட்டேன். மண்ணை முந்தானையில முடிஞ்சு, பஸ்ஸுல மடியிலயே வெச்சுக் கொண்டாந்தனுங்க. அந்த மண்ணு மேலதான் இந்தச் செலை ஒக்காந்திருக்குது."

தூறல் நின்றிருந்தது. எதற்கும் ஒரு குறும்பு வார்த்தை வைத்திருக்கும் மனிஷாதான் கடைசியில் வாயைத் திறந்தாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"அப்படின்னா உங்க அம்மா மைசூருக்கு வந்துட்டாங்க மேடம். கொஞ்சம் லேட். பஸ்ல வந்திருக்காங்க."

ஜீவிதா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். தான் குடியிருக்கும் தெருவுக்கு அந்தப் பக்கம், ஒவ்வொரு ஆடியிலும் தன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவளை, போலீசில் புகார் கொடுத்து வாயடைக்கப் பார்த்தோமே என்று நினைத்தாள். அதை வெளியே சொல்லவும் செய்தாள்.

"யாரும் எங்கயும் எடுத்துட்டுப் போக வேண்டாம்" என்றாள் பிறகு. "இவ்வளவு பேர் பார்த்துக்கறீங்க. நான் வீட்டுக்குப் போய்ப் படத்தை இறக்கணும், மாலை வாங்கணும். அதுக்கு முன்னாடி உங்க பூசையைப் பார்க்கலாமா?"

பூசைக்கு நேரமாகியிருந்தது. ஒருவர் இஞ்சினின் கைப்பிடியைச் சுற்றினார். அது உறுமிக்கொண்டு பிடித்தது. இடுப்பளவுச் சுவர் அதிர்ந்தது. மனிஷாவின் உள்ளங்கால் வழியாக அந்த நடுக்கம் ஏறியது. காட்டுக்கு மேலே, மழை இருட்டுக்குள்ளே, மடித்த கவுனைப் பக்கத்தில் கட்டி வைத்துக்கொண்டு ஒருத்தி போராடிய சத்தம். இஞ்சினைக் கிளப்பியவர் எண்ணெயை அடைத்தார். இஞ்சின் இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றது.

அதற்குப் பிறகு வந்த நிசப்தத்தில் காலனி முழுக்க யாரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை. ஜீவிதா ஒவ்வொரு வருஷமும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பயந்த நிசப்தம் அதுதான். இன்றைக்கு அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

அந்த அமைதியில்தான் வேண்டுதல் சொல்வது வழக்கம். கவுன் வைத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து குழந்தையின் பெயரையும் வயதையும் சொல்ல, ராமக்காள் அதை அம்மனின் காதில் சொல்லிவிட்டுக் கவுனைத் திருப்பிக் கொடுத்தாள். மனோஜ்குமாரின் மகள், மூன்று வயது. இன்னும் பிறக்காத ஒன்றுக்கு அதன் தாயின் பெயர். எல்லாரும் முடிந்த பிறகு, பக்கத்து இருக்கையில் கட்டியிருந்த கவுன் மட்டும் மிச்சம் இருந்தது. அதை இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை என்று பக்கத்தில் நின்ற பெண் மனிஷாவிடம் கிசுகிசுத்தாள்.

ராமக்காள் ஜீவிதாவைப் பார்த்தாள்.

"பாப்பா பேரு என்னங்க?"

"ஜீவிதா."

"வயசு?"

தலை நரைத்த அந்தப் பெண் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு அஞ்சாகுது."

ராமக்காள் அம்மனின் காதருகே குனிந்து அதை அப்படியே சொன்னாள். பிறகு கொக்கியைத் தளர்த்தி, வாரை அவிழ்த்து, கவுனை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.